எருசலேம் இறங்கு

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் இன்று அப்பாவின் வலது காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, "எலும்பு கூடிடுச்சு. இதுக்கு மேல மருந்து எங்கிட்ட இல்ல, ரோட்டுலதான் இருக்கு. நடங்க" என்றார். அப்பா கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு உடனே எழுந்து நின்று காட்டினார். அதே வேகத்தில் உட்கார்ந்தும் விட்டார்.

நவம்பர் மழையில் பஸ் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து கட்டில்தான். அதற்கு முன்னால், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், அப்பா மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் போய்வரும் பஸ்ஸில் கண்டக்டர். மார்ச் 14ஆம் தேதி டெப்போவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று கால் சரியாக இருந்தால் மறுபடியும் பஸ். இல்லாவிட்டால் டெப்போவிலேயே ஒரு மேஜை நாற்காலி.

"அதுல என்ன குறைச்சல்?" என்றாள் அம்மா. "ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு வரலாம். ராத்திரி சோத்துக்கு வீட்டுல இருக்கலாம்."

"நாற்காலிக்கு யாரு சலோமி டிக்கெட் எடுப்பா?" என்றார் அப்பா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் நோட்டைத் திறந்தேன். கணக்குப் பாடம் நிறைய இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று வரைபடம் போட்டேன். அப்பா நடப்பதற்கு ஓர் எளிய பாதை.

நூறு வருஷம் கழித்து யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன். எங்கள் தரங்கம்பாடி மதிலுக்குள் இருந்த ஊர். டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் கட்டிய மதில். இப்போது மதிலில் அங்கங்கே துண்டுகள்தான் மிச்சம். ஆனால் வாசல் முழுசாக நிற்கிறது. வெள்ளையாக, மேலே ஆண்டு எண்ணோடு: 1792. வாசலுக்குள் நுழைந்தால் ராஜா வீதி. அது வளையாமல் நெளியாமல் நேரே கடலுக்குப் போகிறது. வழியில் சீயோன் ஆலயம் (1701), புதிய எருசலேம் ஆலயம் (1718), கவர்னர் பங்களா, பிறகு பெரிய மைதானம், மைதானத்தின் ஓரத்தில் டேனிஷ் கோட்டை (1620). அதற்குப் பின்னால் கடலைத் தவிர எதுவும் இல்லை.

எங்கள் வீடு ராணி வீதியில். பாதையை மதில் வாசலில் தொடங்கினேன். மேடு பள்ளம், படி, மணல் எதுவும் வராதபடி பார்த்துப் பார்த்து வரைந்தேன். அதனால் கோட்டையையும் கடற்கரையையும் நீக்கிவிட்டேன். மைதானத்தின் சிமெண்டு பெஞ்சோடு முடிகிறது. நிழல் உள்ள இடங்களுக்குப் பச்சை வண்ணம்.

படிகளை ஒதுக்கியது அப்பாவுக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அப்பா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டாப்பிங் எங்கம்மா இருக்கு?" என்றார்.

ஜனவரி 22, புதன்

வீட்டிலிருந்து வாசல் வரை. திரும்பி வர ஆட்டோ.

ஜனவரி 25, சனி

இன்று அப்பா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

வாசலுக்குக் கீழே நின்றுகொண்டு நான் அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் இருந்த வாசல் கெட்டுப்போன பிறகு கட்டிய வாசல் இது என்றும், 1792 என்று மேலேயே எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன். அப்பா பயபக்தியோடு கேட்டார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தெருவே திரும்பும் குரலில், "ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தி ரெண்டுல கட்டுன கேட்டு! ஏறுறவங்க ஏறு! சீயோன், எருசலேம், கவர்னர் பங்களா, பெஞ்சு! சீயோன், எருசலேம், கவர்னர் பங்களா, பெஞ்சு!" என்று கத்தினார்.

"தொண்ணூத்தி ரெண்டுப்பா" என்றேன்.

"பத்து வருசம் முன்ன பின்ன வரும்மா. நம்ம பஸ்ஸே பத்து நிமிசம் முன்ன பின்னதான் வருது."

இரண்டு விசில் அடித்தார். பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் புறப்படு, ஒன்று என்றால் நிறுத்து. அடித்ததும் அவரே புறப்பட்டார். ஆச்சரியம் என்னவென்றால், விசில் இல்லாமல் நடந்தபோது காலைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், விசில் வந்ததும் நிமிர்ந்து தெருவைப் பார்த்து நடந்தார். சீயோன் ஆலயத்தின் முன் ஒரு விசில். நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டே, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று காலித் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு ஆடுகள் நிஜமாகவே முன்னாடி போயின.

ஜனவரி 27, திங்கள்

மாலை ஆறே கால் இருக்கும். வாசலுக்கு வெளியே, பஸ் நிற்கிற பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டி. அப்பாவின் டிரைவர் கலியமூர்த்தி மாமா. நவம்பரிலிருந்து தினமும் எங்கள் ஊரைக் கடக்கும்போது இப்படி அடித்துவிட்டுத்தான் போகிறார்.

அப்பா தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு லேட்டு. புதுக் கண்டக்டர் திருக்கடையூர்ல கூட்டத்த ஏத்தத் தெரியாம நிக்கிறான்."

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

"கோயிலுக்கு வந்த கூட்டம். அறுபதாம் கல்யாணக் கூட்டம். சீர்வரிசைத் தட்டோட ஏறுவாங்க. மொதல்ல தட்டை வாங்கி டிரைவர் பக்கத்துல அடுக்கிடணும். அப்பறந்தான் ஆளு. அவனுக்கு யாரு சொல்றது?"

இட்லி ஆறிவிட்டது.

பிப்ரவரி 1, சனி

எங்களுக்கு முதல் பயணி கிடைத்துவிட்டார். மசூதித் தெரு ஜுனைதாம்மா. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி அவர் மகன் துபாயிலிருந்து போனில் தினமும் சண்டை போடுகிறான். தனியாக நடக்க வெட்கம் என்று சொல்லி ஒரு வருஷமாகத் தப்பித்துவிட்டார்.

சீயோன் ஆலயத்துக்கு எதிரில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தவர், "தம்பி, இந்த பஸ்ஸு எது வரைக்கும் போவுது?" என்று கேட்டார்.

"எருசலேம் போவும் லாத்தா."

"அல்லாவே! இத்தனை வயசுக்கு நான் நாகூரத் தாண்டுனதில்லையே. சரி, எனக்கு எருசலேமுக்கு ஒண்ணு குடு."

"சீசன் டிக்கெட் எடுத்துக்குங்க. தெனம் வரணும்."

"உக்கார எடம் குடுப்பியா?"

"பெஞ்சுல."

பேசிக்கொண்டே புதிய எருசலேம் ஆலயம் வந்துவிட்டது. வெளிச்சுவரில் டென்மார்க் ராஜாவின் பெயர் எழுத்தும் மேலே கிரீடமும் இருப்பதை நான் ஜுனைதாம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு விசில் அடித்து, "எருசலேம் வந்தாச்சு! எருசலேம் எல்லாம் இறங்கு! பொட்டி, பையி, கொழந்தைய மறக்காம எடுத்துக்க!" என்றார். ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை உள்ளே இருந்து துடைப்பத்தோடு ஓடி வந்தார். ஜுனைதாம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் இரண்டு பேருக்குமே கால் வலி தெரியவில்லையாம்.

புதிய எருசலேம் ஆலயத்துக்கு முன்னால் இப்படிச் சத்தம் போடுவது சரியா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் நாளைக்கு அங்கேதான் ஆராதனைக்குப் போகிறோம். அப்போது அமைதியாக இருந்து ஈடு செய்துவிடலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ராஜா வீதியில் வினோலியா வந்தாள். என் வகுப்பு. அவளுடைய அப்பா வங்கியில் மேலாளர். சைக்கிளில் இருந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்போது அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். விசில், "படியில நிக்காத, உள்ள வா" எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது பக்கத்து வீட்டு மதிலில் பதித்திருந்த ஒரு கல்வெட்டைப் படிக்க வேண்டியிருந்தது. மிகவும் தேய்ந்த எழுத்து. படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தபோது வினோலியா போயிருந்தாள். அப்பா கவர்னர் பங்களா வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வீட்டு எண்" என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்று அப்பா ராஜா வீதியில் விசில் அடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஜுனைதாம்மா, "என்ன தம்பி, காத்து எறங்கிப்போச்சா?" என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றார்.

வீட்டில் நன்றாகத்தான் பேசினார்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் விசில் இல்லை. காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சீயோனுக்கும் எருசலேமுக்கும் நடுவில் இரண்டு தடவை நின்றார். போன வாரம் நிற்காமல் கடந்த தூரம் அது.

இரவு படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் பொறையாரில். அப்பாவின் பஸ் எட்டு மணிக்கு ஊருக்கு வரும். நான் எப்போதும் எட்டரை பஸ்ஸில் போவேன். எட்டு மணி சீக்கிரம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு தடவைதான் அப்பாவின் பஸ்ஸில் போனேன். என் சமூக அறிவியல் மதிப்பெண்ணை அவர் காரைக்கால் வரை போகிற எல்லாருக்கும் அறிவித்தார்.

எட்டு மணி உண்மையிலேயே கொஞ்சம் சீக்கிரம்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

வாசலுக்குக் கீழே நின்றதும், "விசில் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? தெருவுல எல்லாரும் பாப்பாங்க."

"பஸ் எடுக்க விசில் வேணும்ல?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையில் கையை விட்டார். தொண்டை சரியில்லை என்று சொன்னாரே, விசில் மட்டும் எதற்காகப் பையிலேயே இருந்தது?

"எண்பத்தி ரெண்டுல கட்டுன கேட்டு! ஏறு, ஏறு!"

"தொண்ணூத்தி ரெண்டு!"

பிப்ரவரி 13, வியாழன்

கைத்தடி இல்லாமல் பெஞ்சு வரை!!! திரும்பியும்!!!

(பொதுவாக நான் ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் போடுவதில்லை.)

பிப்ரவரி 15, சனி

கலியமூர்த்தி மாமா வாரவிடுப்பில் வீட்டுக்கு வந்தார். அல்வா வாங்கி வந்தார். அப்பா அவரைப் பாதை முழுவதும் நடத்திக் கூட்டிப் போனார். ஜுனைதாம்மாவும் இப்போது அவரோடு சேர்ந்துவிட்ட அவர் தங்கையும் நானுமாக ஐந்து பேர். மாமா எல்லா நிறுத்தங்களிலும் டிரைவர் மாதிரியே முன்னால் நின்று, விசில் கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா கேட்டார்: "எப்புடிண்ணே?"

"நல்லா நடக்குற ஞானம். எனக்கே மூச்சு வாங்குது." மாமா அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார். "ஆனா டெப்போவுல நடக்கவா சொல்லப் போறாங்க?"

"பின்ன?"

"பஸ்ஸுலதானே ஏத்துவாங்க. போன வருசம் செல்லையனுக்கு அப்புடித்தான். படி ஏறு, எறங்கு, ஏறு, எறங்குன்னாங்க. அப்பறம் வண்டிய எடுக்கச் சொல்லி, கம்பியப் புடிக்காம நின்னு டிக்கெட் கிழின்னாங்க. வளைவுல ஒரு பிரேக்கு. மனுசன் சீட்டுல போயி உக்காந்துட்டாரு. இப்ப ஆபீஸுலதான் உக்காந்திருக்காரு."

அப்பா வலது காலைத் தேய்த்துக்கொண்டார். மாமாவே தொடர்ந்தார். "இந்தத் தெரு ஆடாது ஞானம். அதான் சொல்றேன்."

அப்பா சிரித்தபடி, "அதெல்லாம் நின்னுடலாம்ணே" என்றார். எழுந்து பெஞ்சின் மேல் வலது காலை மட்டும் வைத்து ஏறப் பார்த்தார். கால் நடுங்கியது. கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். மேடு இல்லை, படி இல்லை, மணல் இல்லை. அப்பாவுக்குத் தேவையானது ஒன்றுவிடாமல் நானே பார்த்துப் பார்த்து அழித்திருக்கிறேன். அழித்த இடத்தில் ரப்பர் தேய்த்த தடம் இன்னும் தெரிகிறது.

அல்வா நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னாள். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்பா நேராகக் கட்டிலுக்குப் போய்விட்டார். "நாற்காலியும் ஒரு வேலைதானே" என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று மாதமாக அம்மா இதைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் வாயால் கேட்டதும் அம்மா ரசத்தைப் பொங்க விட்டுவிட்டாள்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். நின்றுகொண்டே படிப்பது என் வழக்கம். தண்ணீர் கணுக்காலைத் தொடும் இடத்தில் நின்றேன். ஒரு பக்கம்தான் படித்திருப்பேன். அலை வந்தது, திரும்பிப் போனது. போகும்போது பாதத்துக்குக் கீழே இருந்த மணலையும் உருவிக்கொண்டு போனது. நான் முன்னால் சாய்ந்தேன். கை தானாகவே தலைக்கு மேலே போய்க் கம்பியைத் தேடியது.

கம்பி இல்லை. அது பஸ் இல்லை, கடல்!

புத்தகம் தண்ணீரில் விழுந்துவிட்டது. நூலகப் புத்தகம். அதைப் பிழிந்துகொண்டே வீடு வரை ஓடினேன். "அப்பா, எழுந்திருங்க, பஸ் வந்திருக்கு" என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வரைபடத்தில் பெஞ்சைத் தாண்டிக் கோடு நீட்டினேன். சிவப்பு வண்ணம்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையின் விளிம்பில் நின்றார். நான் வலது பக்கம், ஜுனைதாம்மா இடது பக்கம். ஜுனைதாம்மாவுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் தண்ணீர் கணுக்கால் வரைதான்.

முதல் அலை திரும்பியபோது அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வரை நனைந்துவிட்டது.

"செம்பனார்கோவில் வளைவு" என்றார், எழுந்திருக்காமலே. "இங்கதான் எல்லாரும் விழுவாங்க."

ஜுனைதாம்மா, "டிரைவரு சரியில்ல தம்பி. பிரேக்கு ரொம்பப் புடிக்கிறாரு" என்றார்.

பன்னிரண்டு தடவை உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்.

பிப்ரவரி 19, புதன்

ஓர் அலைக்கு ஓர் ஊர் என்ற கணக்கில், ஆக்கூர் முக்கூட்டு வரை விழாமல் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பஸ் அப்படியே தெரிகிறதாம். இடது பக்கம் மூன்றாவது சீட்டில் எப்போதும் தூங்கும் ஒருவர் இருப்பாராம். அவரைப் பொறையாரில் எழுப்ப வேண்டுமாம். யார் இப்போது எழுப்புகிறார்களோ என்று கவலைப்பட்டார்.

கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது, "கண்டக்டரே, காரைக்கால் எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

கோட்டை. மேல் தளத்துக்குப் போகும் படிகள் உயரமானவை. அந்தக் காலத்து டேனிஷ்காரர்களுக்கு நீளமான கால்கள் இருந்திருக்க வேண்டும். அப்பா ஒரு படிக்கு ஒரு விசில் அடித்தார். காவலாளி மேலே வந்து, "சார், மியூசியத்துல சத்தம் போடக்கூடாது" என்றார். "அப்ப எப்புடிய்யா நிறுத்துறது?" என்று அப்பா நிஜமான குழப்பத்தோடு கேட்டார்.

நான்காவது தடவை ஏறும்போது அவர் கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. மேலே நின்று ஊரைப் பார்த்தோம். எங்கள் பாதை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. பங்களா, எருசலேமின் கூரை, சீயோனின் முனை. வாசல் மட்டும் மரங்களுக்குப் பின்னால்.

"எவ்வளவு சின்ன ஊரு" என்றார் அப்பா. "இத நடந்து முடிக்க ரெண்டு மாசமாயிடுச்சு."

"ஒரு மாசம்தான்பா. ஜனவரி இருபத்தி ரெண்டுல ஆரம்பிச்சோம்."

"நீ இருக்கியே" என்று என் தலையில் தட்டினார்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மா கடற்கரைக்கு வந்தாள். சுனாமி வந்த வருஷம் அம்மாவுக்கு என் வயதுதான். அதற்குப் பிறகு அவள் தண்ணீருக்குள் கால் வைத்ததே இல்லை. மீன் வாங்கக்கூட மேட்டில் நின்றுதான் பேரம் பேசுவாள்.

"ரேஷன் கடைக்கு வர்றவங்கல்லாம் சொல்றாங்க" என்று மேட்டிலிருந்தே கத்தினாள். அம்மாவுக்கு ரேஷன் கடையில் வேலை. ஊரில் நடப்பதெல்லாம் முதலில் அங்கேதான் போகும். "ஒங்க வீட்டுக்காரரு கடலுக்கு டிக்கெட் போடுறாராமேன்னு! வயசாயிடுச்சுன்னு நெனப்பு இருக்கா ஒங்களுக்கு? வாங்க மேல!"

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு சலோமி! ஸ்டாப்பிங் வந்தாத்தான் எறங்க முடியும்!"

"எப்ப ஸ்டாப்பிங்?"

"நீ கைய காட்டுனாதான் நிறுத்துவோம்!"

அம்மா முறைத்தாள். பிறகு, பஸ்ஸை நிறுத்துவதுபோல, ஒரு கையைப் பாதி உயர்த்தினாள். அப்பா ஒரு விசில் அடித்தார். வலைக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. அவர் தண்ணீருக்குள், அவள் மணலில், இருவருமாகச் சேர்ந்தே நடந்தார்கள்.

திரும்பும்போது ஓர் அலை நீண்டு வந்து அம்மாவின் விரல்களைத் தொட்டுவிட்டுப் போனது. அம்மா நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு கையையும் விட்டுவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதிக்கொண்டே, மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் வரை நின்றார். நடுவில் ஒரு பெரிய அலை. முழங்கால் வரை வந்தது. ஜுனைதாம்மாவும் தங்கையும் நானும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். அப்பா அசையவில்லை. "கம்பியப் புடிச்சு நில்லுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எங்களைத் திட்டினார்.

மார்ச் 13, வியாழன்

நாளை. அப்பா காக்கிச் சட்டையைத் தானே தேய்த்தார். பிறகு அம்மா அதை மறுபடியும் தேய்த்தாள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் அப்பா மயிலாடுதுறை பஸ்ஸில் டெப்போவுக்குப் போனார். விசிலை எடுத்துக்கொண்டு போகவா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்று யோசித்தார். "எடுத்துக்கங்கப்பா" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. அறிவியல் தேர்வில் உராய்வு விசை பற்றிக் கேட்டிருந்தார்கள். உதாரணமாக அலையையும் பாதத்தையும் எழுதினேன். பாடப் புத்தகத்தில் அது இல்லை.

மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். நான்கரைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அம்மா தோசை மாவைக் கரைத்தாள், மூடினாள், திறந்தாள். ஐந்தரைக்கு ஜுனைதாம்மா வந்து, எதுவும் கேட்காமல், கூடத்தில் உட்கார்ந்தார்.

"நாற்காலின்னா என்ன இப்ப" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்து. "நாற்காலின்னா நல்லதுதானே." அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை.

எனக்கும் ஜனவரியில் அப்படித் தோன்றியிருக்கலாம். இப்போது நினைவில்லை.

ஆறே கால். நாங்கள் மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆறு பதினேழுக்கு ஹாரன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டி. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு, இந்த நான்கு மாதத்தில் ஹாரனோடு சேர்ந்து கேட்காத ஒன்று வந்தது. வாசலுக்கு வெளியே, தெருக்கள் தாண்டி, மெல்லிசாக, ஆனால் தெளிவாக, இரண்டு விசில்.

இரண்டு என்றால் புறப்படு.

அம்மா கரண்டியோடு தெருவுக்கு ஓடினாள். ஜுனைதாம்மா செருப்பு இல்லாமல் ஓடினார். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு ஓடக்கூடாது என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வாசலுக்குக் கீழே அப்பா வந்துகொண்டிருந்தார், காக்கிச் சட்டையில், கைத்தடி இல்லாமல், கலியமூர்த்தி மாமா கொடுத்தனுப்பிய அல்வாவோடு.

"மூணு மணிக்கே முடிஞ்சிடுச்சு" என்றார். "அண்ணன் வண்டியிலயே வரலாம்னு நின்னேன். அந்தப் புதுப் பையன் இன்னிக்கும் திருக்கடையூர்ல தட்டோட ஏத்துனான் சலோமி, பாத்துக்கிட்டு எப்புடிச் சும்மா இருக்கறது? கூட நின்னு சொல்லிக் குடுத்துட்டு வரேன்."

"ஒரு போனு பண்ணக் கூடாதா?"

"சார்ஜ் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "பிரேக்கு போட்டாங்கம்மா. செம பிரேக்கு. நம்ம அலை அளவுக்கு இல்ல."

அம்மா கரண்டியாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். சட்டையில் மாவு ஒட்டிக்கொண்டது. மறுபடியும் தேய்க்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இன்று முதல் டூட்டி. விடியற்காலையே டெப்போவுக்குப் போய்விட்டார். நான் எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். எட்டு மணி ஒன்றும் அவ்வளவு சீக்கிரம் இல்லை. வினோலியாவும் நின்றாள். அவளுடைய அப்பாவின் கார் ரிப்பேராம்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். அப்பா பின்படியில் இருந்து இறங்கி, எல்லாரும் ஏறிய பிறகு ஒரே எட்டில் ஏறினார். என்னைப் பார்த்தார். பார்த்த பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள போங்கம்மா, படிக்கிற புள்ளைங்கல்லாம் முன்னாடி போங்க" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவாக. என் பாஸை நீட்டினேன். யாரோ ஒரு பெண்ணின் பாஸைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். மதிப்பெண் பற்றி எதுவும் இல்லை. பெயர்கூடச் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் இதைத்தான் விரும்பினேன். ஆனால் பாஸைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வினோலியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு விசில். பஸ் நகர்ந்தது. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே வாசல் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்று, பஸ் முழுவதற்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"எடது கைப் பக்கம் பாத்துக்குங்க! தரங்கம்பாடி கேட்டு! ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தி ரெண்டுல கட்டுனது!"

"தொண்ணூத்தி ரெண்டுப்பா!"

நான்தான் கத்தினேன். கத்த வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தவறான ஆண்டைக் கேட்டதும் வந்துவிட்டது. பஸ் முழுவதும் திரும்பியது. மூன்றாவது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். வினோலியா வாயைத் திறந்தபடி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கப்பா" என்றேன் அவளிடம்.

அப்பா விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அதன் இரண்டு பக்கமும் வழிந்தது.

"கேட்டுக்குங்க, தொண்ணூத்தி ரெண்டாம்" என்றார் எல்லாரிடமும். "எம் பொண்ணு சொன்னா சரியா இருக்கும். சோசியல்ல அவ..."

"அப்பா!"

அதற்குள் வளைவு வந்துவிட்டது. கலியமூர்த்தி மாமா பிரேக் பிடித்தார். எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள். அப்பா பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை.

அவருக்கு நிஜமாகவே அந்த ஆண்டு இன்னும் நினைவில் நிற்கவில்லையா என்று மாலையில் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. பொறையாரில் நான் இறங்கும்போது அவர் ஒரு விசில் அடித்து, தெருவுக்கே கேட்கும்படி, "எருசலேம் இறங்கு!" என்றார்.

இறங்கினேன்.